நானா அஸ்மா: யுத்தத்திற்குப் பிறகு வீடு தேடிப் போன கல்வி

இலங்கை முஸ்லிம்கள் மூத்த சகோதரனை நானா என்று அழைப்பார்கள். மேற்கு ஆபிரிக்காவில் ஹவுசா மொழி பேசும் முஸ்லிம்களிடம் அதே ஒலியுடைய சொல் பெண்களுக்கு உரியது. மதிப்புக்குரிய ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் அதைச் சேர்ப்பார்கள். அப்படி அழைக்கப்பட்டவர்களில் இன்றுவரை பெயர் நிலைத்திருப்பவர் நானா அஸ்மா. இன்றைய நைஜீரியாவின் வடமேற்கில் 1793 இல் பிறந்து 1864 இல் மறைந்தவர். மார்க்க அறிஞர், கவிஞர், ஆசிரியை. ஒரு பேரரசின் ஆட்சியாளர்களுக்கு மகளாகவும் சகோதரியாகவும், அதன் முதன்மை அமைச்சருக்கு மனைவியாகவும் வாழ்ந்தவர்.

மார்க்கப் பணியில் ஈடுபடும் முஸ்லிம் பெண் அரசியலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அரசியலுக்கு வரும் முஸ்லிம் பெண் மார்க்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும் என்று இன்னொரு தரப்பு நம்புகிறது. இரு தரப்பும் ஏதோ புதிதாக முளைத்த சிக்கலைப் போலத்தான் இதைப் பேசுகின்றன. அஸ்மாவின் வாழ்க்கையில் இவை இரண்டும் ஒரே வேலையாக இருந்தன. அந்த வேலை ஒரு யுத்தத்தின் முடிவில் தொடங்கியது. அவர் நின்றது வென்றவர்களின் பக்கம். அதனால் இந்தக் கதையை ஒரு சாதனைக் கதையாக மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது.

பெண்களுக்கும் பாடம் சொன்ன வீடு

அஸ்மாவின் தந்தை உஸ்மான் தன் ஃபோதியோ, ஷேகு என்று மக்களால் அழைக்கப்பட்ட அறிஞர். ஃபுலானி இனத்தைச் சேர்ந்தவர். காதிரிய்யா தரீக்காவைப் பின்பற்றியவர். நம் நாட்டு முஸ்லிம்கள் முஹியித்தீன் ஆண்டகை என்று போற்றும் அப்துல் காதிர் ஜீலானியின் வழி அது. ஹவுசா மன்னர்கள் ஆண்ட கோபிர் இராச்சியத்தில், டெகல் என்ற சிற்றூரில் அவருடைய குடும்பம் வாழ்ந்தது. அஸ்மாவும் ஹசனும் இரட்டையர்கள். வழக்கப்படி பெண் குழந்தைக்கு ஹுசைனா என்றே பெயர் வைத்திருக்க வேண்டும். தந்தையோ முதல் கலீபா அபூபக்கரின் மகள் அஸ்மாவின் பெயரைத் தேர்ந்தெடுத்தார். நபிகள் நாயகம் மக்காவை விட்டு வெளியேறிக் குகையில் மறைந்திருந்தபோது உணவு கொண்டுபோய்க் கொடுத்தவர் என்று முஸ்லிம்கள் நினைவில் வைத்திருக்கும் பெண் அவர். இந்தப் பெண் குழந்தைக்கும் அப்படியொரு வெளியேற்றம் காத்திருந்தது.

அந்த வீட்டில் பெண்கள் படித்தார்கள், எழுதினார்கள், பாடம் சொன்னார்கள். ஷேகு ஊர் ஊராகப் போய்ப் பயான் செய்தபோது பெண்களும் வந்து கேட்டார்கள். ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் கூடலாமா என்று மற்றோர் அறிஞர் கண்டித்து எழுதினார். பெண்களை அறியாமையில் விட்டுவைப்பது அதைவிடப் பெரிய தீமை என்ற கருத்தில் ஷேகுவின் தம்பி அப்துல்லாஹி அதற்குக் கவிதையிலேயே மறுமொழி கொடுத்தார். மாணவர்களுக்கு இரவு பகலாகப் பாடம் சொல்லிவிட்டு, மனைவியையும் மகளையும் வீட்டுப் பாத்திரங்களைப் போல நடத்தும் உலமாக்களை ஷேகு தம் நூல்களில் கடுமையாகச் சாடியிருக்கிறார். கணவன் கற்பிக்காவிட்டால் மனைவி வெளியே சென்று கற்கலாம் என்பது அவரது நிலைப்பாடு. அஸ்மா சிறுவயதிலேயே குர்ஆனை முழுமையாகக் கற்றார். அரபு, தாய்மொழியான ஃபுல்ஃபுல்டே, ஊர் மக்களின் ஹவுசா, பாலைவன துவாரெக் மக்களின் தமாஷெக் என நான்கு மொழிகள் அவருக்குத் தெரிந்திருந்தன.

பதினொரு வயதில் இடப்பெயர்வு

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷேகுவின் ஆதரவாளர்கள் பெருகப் பெருக, கோபிர் அரண்மனை அஞ்சத் தொடங்கியது. முஸ்லிமாகப் பிறக்காத எவரும் இஸ்லாத்திற்கு மாறக்கூடாது, ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் முக்காடு போடக்கூடாது என்று மன்னர் நஃபாதா கட்டளையிட்டார். அவருக்குப் பின் வந்த யுன்ஃபா காலத்தில் பகை முற்றியது. 1804 பெப்ரவரியில் ஷேகுவின் குடும்பமும் ஆதரவாளர்களும் டெகலை விட்டு வெளியேறி குடு என்ற இடத்துக்குப் போனார்கள். நூல்களை ஒட்டகங்கள் சுமந்தன. பிள்ளைகளைச் சுமந்துகொண்டு பெண்கள் நடந்தார்கள். அஸ்மாவுக்கு அப்போது வயது பதினொன்றை ஒட்டியிருக்கும். அந்தப் பயணத்தை அவர் மறக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அதை ஹவுசா மொழியில் ஒரு நீண்ட பாடலாக எழுதினார்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் யுத்தம். குடியிருப்பு ஓரிடத்தில் நிலைக்கவில்லை. பசியும் நோயும் கூடவே வந்தன. 1804 டிசெம்பரில், நோன்பு மாதத்தில், சுந்துவா என்ற இடத்தில் ஷேகுவின் படை பெருந்தோல்வி கண்டது. ஏறத்தாழ 2000 பேர் இறந்ததாகவும், அவர்களில் 200 பேர் குர்ஆனை முழுதாக மனனம் செய்தவர்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆசிரியர்களின் ஒரு தலைமுறையே ஒரே நாளில் போய்விட்டது. புதிய அரசு எழுந்த பிறகு கற்பிக்க ஆள் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1808 இல் கோபிரின் தலைநகர் அல்கலாவா வீழ்ந்தது. மன்னர் யுன்ஃபா கொல்லப்பட்டார். அந்த முற்றுகையின்போது அஸ்மா எரியும் பந்தத்தைத் தன் சகோதரனிடம் எறிந்தார், அதைக் கொண்டே நகருக்குத் தீ வைக்கப்பட்டது என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. இது நடந்ததற்கு எழுத்துச் சான்று இல்லை. ஆனாலும் மக்கள் அவரை யுத்தத்திற்கு வெளியே நின்ற ஒரு பெண்ணாக நினைக்கவில்லை என்பதை இந்தக் கதை காட்டுகிறது.

வென்ற பிறகு

யுத்தம் ஓய்ந்தபோது சொகோட்டோ கலீபா ஆட்சி உருவாகியிருந்தது. அக்கால ஆபிரிக்காவின் மிகப் பெரிய அரசுகளில் அதுவும் ஒன்று. அஸ்மாவின் சகோதரர் முஹம்மத் பெல்லோ 1809 இல் சொகோட்டோ நகரை அமைத்தார். 1817 இல் தந்தை இறந்ததும் அவரே கலீபா ஆனார். பெல்லோவின் நெருங்கிய நண்பர் கிதாதோ தன் லைமாவைத்தான் அஸ்மா 1807 அளவில் மணந்திருந்தார். கிதாதோ கலீபாவின் வஸீர், அதாவது முதன்மை அமைச்சர் ஆனார். 1824 இல் சொகோட்டோவுக்கு வந்த ஸ்கொட்லாந்துப் பயணி ஹியூ கிளாப்பர்ட்டனை உபசரித்தது கிதாதோவின் வீடுதான்.

வீடு என்று சொல்வது பழக்கத்தால். பல மனைவியர், பிள்ளைகள், உறவினர், விருந்தினர், மாணவர், அடிமைகள் என ஒரு சிற்றூர் அளவு மக்கள் அந்த வளவுக்குள் இருந்தார்கள். அஸ்மா இந்தக் குடும்பத்தை நடத்திக்கொண்டே எழுதினார். ஆண்டு குறித்த அவரது முதல் ஆக்கம் 1820 ஐச் சேர்ந்தது. அன்றிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதினார். இன்று கிடைப்பவை அறுபதுக்கும் அதிகம்.

சுவருக்கு வெளியே நாடு வேறு நிலையில் கிடந்தது. கணவனை இழந்தவர்கள், கிராமம் எரிந்து ஓடி வந்தவர்கள், போரில் பிடிபட்டு வென்றவர்களின் வீடுகளுக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் என்று எங்கும் பெண்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஹவுசா பேசியவர்கள். ஆளும் குடும்பம் பேசியது ஃபுல்ஃபுல்டே. எழுத்தின் மொழி அரபு. பல பெண்கள் போரி என்ற ஆவி வழிபாட்டில் ஊறியவர்கள். நோய்க்கும் பிள்ளைப்பேற்றுக்கும் துயரத்துக்கும் அவர்கள் நாடியது அதைத்தான். புதிய அரசு அவர்களைத் தன் குடிகள் என்று சொல்லிக்கொண்டது. ஆனால் அவர்களிடம் போய்ப் பேச அதற்கு மொழியும் இல்லை, ஆளும் இல்லை.

யுத்தத்தைக் கண்ட எவருக்கும் இந்த நிலை விளங்கும். கொடி மாற ஒரு நாள் போதும். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணிடம் யார் வருகிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள், எதைக் கொண்டுவருகிறார்கள், எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் அதன் பிறகு பல ஆண்டுகளாகத்தான் தீர்மானமாகும். அஸ்மா கையில் எடுத்தது இந்த வேலையைத்தான்.

மனனத்திற்காக எழுதப்பட்ட பாடல்கள்

முதலில் அவர் மொழியை மாற்றினார். அறிஞர்களுக்கு எழுத அரபு. தன் இனத்தாருக்கு ஃபுல்ஃபுல்டே. தோற்றுப்போன மக்களிடம் போவதற்கு ஹவுசா. ஃபுல்ஃபுல்டேயையும் ஹவுசாவையும் அரபு எழுத்திலேயே எழுதினார். அங்கே இதற்கு அஜமி என்று பெயர். நமது முஸ்லிம்களின் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபும் இதே வகைதான்.

அடுத்து, வடிவம். ஏட்டைப் புரட்ட வழியில்லாத பெண்ணுக்கு ஏடு எதற்கு? பாடல் போதும். மாவு இடிக்கும்போதும் நூல் நூற்கும்போதும் பிள்ளையை உறங்க வைக்கும்போதும் பாடிக்கொள்ளலாம். நமது முஸ்லிம் வீடுகளில் பெண்கள் மாலைகளையும் முனாஜாத்துகளையும் மனனமாக வைத்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. தொழுகை, நோன்பு, ஸகாத், சுத்தம், வாரிசுரிமை என அன்றாட மார்க்க விடயங்களை அஸ்மா எதுகையோடு பாடலாக்கினார். குர்ஆனின் சூறாக்களின் பெயர்கள் எல்லாவற்றையும் கோர்த்து ஒரு பாடல் எழுதினார். அதை மனனம் செய்த பெண்ணிடம் நூலின் பொருளடக்கம் முழுவதும் இருந்தது. ஒவ்வொரு பெயரையும் பற்றிக்கொண்டு ஆசிரியை ஒரு பாடத்தை விரித்துச் சொல்லலாம்.

தொப்பி அணிந்த பெண்கள்

ஆனால் பாடல் தானாக நடந்து ஊருக்குப் போகாது. 1830களில் அஸ்மா அதற்கும் ஒரு வழி செய்தார். யன் தாரு என்ற பெண்கள் அமைப்பு அப்போது உருவானது. ஒன்றுகூடுவோர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஒவ்வொரு பிரதேசத்திலும் நம்பிக்கைக்குரிய ஒரு பெண்ணை அஸ்மா தெரிவு செய்தார். அவருக்கு ஜாஜி என்று பெயர். வணிகக் கூட்டத்தை வழிநடத்திச் செல்பவரைக் குறிக்கும் சொல் அது. ஜாஜி தன் ஊரிலிருந்து பெண்களைக் கூட்டமாக அழைத்துக்கொண்டு சொகோட்டோவுக்கு நடந்து வருவார். பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண்களும், இன்னும் மணமாகாத சிறுமிகளும்தான் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். இடைப்பட்ட வயதுப் பெண்கள் வீட்டுக்கு வெளியே நெடும்பயணம் போவதை அந்தச் சமூகம் ஏற்கவில்லை. அஸ்மா அந்த வழக்கத்தோடு சண்டைக்குப் போகவில்லை. போக முடிந்தவர்கள் போனார்கள். அஸ்மாவிடம் பாடலைக் கேட்டு மனனம் செய்து விளக்கத்தையும் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி, போக முடியாதவர்களின் வீடுகளுக்குள் அதைக் கொண்டுபோனார்கள். வெளியே வர முடியாத பெண்ணின் வீட்டுக்கே பாடசாலை வந்தது.

வரும்போது தேன், தானியம், வெண்ணெய், துணி என்று தங்களால் இயன்றதைக் கொண்டுவருவார்கள். அஸ்மா அவற்றை இல்லாதவர்களுக்குப் பகிர்ந்தளித்தார். குடும்பப் பிணக்கு, நோய், மகனின் பயணம், ஊர் அதிகாரியின் நடத்தை எல்லாம் அந்த வழியாகத் தலைநகருக்கு வந்தன. ஆலோசனையும் ஆறுதலும் அதே வழியாகத் திரும்பிப் போயின. மார்க்கம் கற்பிக்கத் தொடங்கிய வலையமைப்பு, கிராமத்துப் பெண்ணையும் வஸீரின் வீட்டையும் இணைக்கும் பாதையாகிவிட்டது. இன்றைய வார்த்தையில் இதற்கு உள்ளூர் அரசியல் என்று பெயர்.

ஜாஜியாகத் தெரிவானவருக்கு அஸ்மா ஓர் அடையாளம் கொடுத்தார். மல்ஃபா எனப்படும் அகன்ற புல் தொப்பி. அதில் சிவப்புத் துணி ஒன்றைத் தன் கையால் கட்டி விடுவார். வீதியில் அந்தத் தொப்பியைக் கண்டவர்களுக்கு இவர்கள் யார், எங்கே போகிறார்கள் என்று தெரியும். அந்தப் பயணத்துக்கு அதுவே பாதுகாப்பு.

அந்தத் தொப்பிக்கு முந்திய கதையும் ஒன்று உண்டு. கோபிர் இராச்சியத்தில் இன்னா என்ற பட்டத்தோடு ஒரு பெண் தலைவி இருந்தார். போரி வழிபாட்டின் தலைமையும் அவரிடமே இருந்தது. மல்ஃபா தொப்பி அவருடைய பதவியின் அடையாளங்களில் ஒன்று. யுத்தம் அந்தப் பதவியை அழித்தது. அஸ்மா அந்தத் தொப்பியை எடுத்து, அதே மண்ணின் பெண்களின் தலையில், வேறு பொருளோடு வைத்தார். தோற்றவர்கள் அறிந்த மரியாதைச் சின்னத்தின் வழியே புதிய மார்க்கம் அவர்களிடம் போனது. இதைச் சாதுரியம் என்றும் சொல்லலாம், அபகரிப்பு என்றும் சொல்லலாம். இரண்டும் பொய்யல்ல.

ஆட்சியாளருக்கு ஒரு பாடல்

அஸ்மாவின் எழுத்து பெண்களோடு நிற்கவில்லை. தந்தை ஆட்சியாளர்களை எச்சரித்து எழுதிய தப்பத் ஹகீகா என்ற பாடலை 1831 இல் அவர் ஹவுசாவுக்குக் கொண்டுவந்தார். பதவியைத் தன் நலனுக்குப் பயன்படுத்துபவனுக்கும் குடிகளுக்கு அநீதி செய்பவனுக்கும் மறுமையில் என்ன காத்திருக்கிறது என்பதே அதன் பேச்சு. ஆளும் குடும்பத்தின் மகள் அந்த எச்சரிக்கையைக் குடிமக்களின் மொழியில் வெளியிட்டார். அதிகாரி செய்வது தவறு என்று மார்க்கம் சொல்வதைச் சந்தைக்கு வரும் பெண்ணும் தெரிந்துகொண்டார்.

சகோதரர் பெல்லோவின் நூல் ஒன்றை அவர் கையாண்ட விதமும் கவனிக்கத்தக்கது. இறைபக்தியில் சிறந்த பெண்களைப் பற்றி பெல்லோ அரபு மொழியில் எழுதியிருந்தார். 1836 இலும் 1837 இலும் அஸ்மா அதை முதலில் ஃபுல்ஃபுல்டேயிலும் பின்னர் ஹவுசாவிலும் பாடலாக்கினார். பெல்லோவின் நூலில் பெண்களை எச்சரித்துக் கண்டிக்கும் பகுதிகள் இருந்தன. அஸ்மாவின் பாடலில் அவை இல்லை. அவற்றுக்குப் பதிலாகத் தன் சமூகத்தில், தன் கண்முன் வாழ்ந்த பெண்களின் பெயர்களைச் சேர்த்தார். அண்ணனோடு வாதாடியதற்கு ஒரு வரிச் சான்றும் இல்லை. வாதாடாமலே நூலின் முகத்தை மாற்றிவிட்டார்.

1837 இல் பெல்லோ மறைந்தார். அந்த இழப்பு அஸ்மாவின் இரங்கற்பாக்களில் கனத்துக் கிடக்கிறது. கணவரோடு சேர்ந்து தந்தையினதும் சகோதரனினதும் ஏடுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலையில் இறங்கினார். அவருடைய மகன் அப்துல் காதிர் பின்னாளில் தந்தையின் வஸீர் பதவிக்கு வந்தார்.

இரங்கற்பாக்களில் மற்றொரு வகையும் உண்டு. கலீபாக்களுக்கும் தளபதிகளுக்கும் பாடியவர், சாதாரணப் பெண்களுக்கும் பாடினார். 1857 இல் ஸஹராத்து என்ற பெண்ணுக்கு எழுதிய பாவில், அவர் அறியாதவர்களுக்கு மார்க்கம் கற்பித்ததையும், ஜனாஸாக்களைக் குளிப்பாட்டியதையும், பிள்ளைப்பேற்று வீடுகளுக்கு உதவிக்குப் போனதையும் குறித்து வைத்தார். 1858 இல் இறந்த ஹவ்வாஉ என்ற ஜாஜிக்கும் ஒரு பா உண்டு. பெண்களைத் தன்னிடம் அழைத்துவந்து அவர்களுக்குத் துணை நின்றவர் என்று அவரை நினைவுகூர்ந்தார். அரச வரலாறுகள் இப்படிப்பட்ட பெண்களின் பெயரைச் சொல்வதில்லை. அஸ்மா எழுதியதால்தான் 160 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களுக்குப் பெயர் இருக்கிறது.

மறைக்கக்கூடாத பக்கம்

இவ்வளவையும் சொன்ன பிறகு மற்றதையும் சொல்ல வேண்டும். 19 ஆம் நூற்றாண்டில் அடிமைகளை மிகப் பெருமளவில் வைத்திருந்த சமூகங்களில் சொகோட்டோவும் ஒன்று. யுத்தங்கள் 1808 உடன் முடியவில்லை. ஆண்டுதோறும் படையெடுப்புகள் நடந்தன. கைதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். பெண்கள் வயலுக்கும் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் பங்கிடப்பட்டார்கள். 1836 இல் கவாகுகே என்ற இடத்தில் கோபிர் படையும் துவாரெக் கூட்டாளிகளும் பெல்லோவிடம் பெருந்தோல்வி கண்டார்கள். அஸ்மா அந்த வெற்றியைப் பாடியிருக்கிறார். அந்தக் களத்தில் மகனைப் பறிகொடுத்த கோபிர்த் தாய் ஒருத்தி, சில காலம் கழித்து யன் தாருவின் தொப்பி அணிந்த பெண்ணைத் தன் முற்றத்தில் கண்டிருக்கக்கூடும். அப்போது அவள் மனதில் ஓடியது என்ன?

அடிமை முறை தவறு என்று அஸ்மா எழுதவில்லை. அவருடைய வீட்டிலும் அடிமைகள் உழைத்தார்கள். அவர் எழுத நேரம் கிடைத்ததற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம். அன்றைய காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. அடிமைப்பட்ட பெண்ணுக்கு அது வேறு காலமாக இருக்கவில்லை.

ஆனாலும் வென்ற அரசு அந்தப் பெண்களை வேலைக்கான கைகளாக மட்டும் விட்டிருக்கலாம். பல அரசுகள் அப்படித்தான் செய்தன. அஸ்மா அவர்களை மாணவிகளாகக் கண்டார். அவர்களின் மொழியைக் கற்றுப் பாடல் எழுதினார். அவர்களிலிருந்து தலைவிகளைத் தெரிவு செய்தார். அரசு நிலைபெற அது உதவியது என்பதும் உண்மை. கற்ற பெண்ணுக்கு அது தன் கையிலிருந்த ஏதோ ஒன்றாக மாறியது என்பதும் உண்மை. ஆள்பவரை மார்க்கத்தைக் கொண்டே கேள்வி கேட்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் அவள் கற்றாள்.

அவர் போன பிறகு

1864 இல் அஸ்மா எழுபது வயதைத் தாண்டிய நிலையில் மறைந்தார். சொகோட்டோவில் தந்தை அடங்கிய வளவிலேயே அவருக்கும் கபுர் அமைந்தது. அவருடைய சகோதரி மர்யம் பெண்களுக்கான பணியைத் தொடர்ந்தார். 1903 இல் பிரித்தானியர் சொகோட்டோவைக் கைப்பற்றினார்கள். அவர்கள் கொண்டுவந்த பாடசாலைகளும் அலுவலகங்களும் ஆண்களை நோக்கியே இருந்தன. எழுத்தறிவு என்றால் ஆங்கில எழுத்து என்றாகியது. அஜமியில் படித்த பாட்டி எழுத்தறிவற்றவராகக் கணக்கிடப்பட்டார்.

சுதந்திரத்திற்குப் பிறகும் நிலைமை விரைவில் மாறவில்லை. தென் நைஜீரியப் பெண்கள் வாக்களித்த காலத்திலும் வடக்கின் பெண்களுக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டது. மார்க்கமும் மரபும் காரணமாகச் சொல்லப்பட்டன. 1976 இல்தான் அவர்களுக்கு வாக்குரிமை வந்தது. அரசுக்கு ஆலோசனை சொன்ன ஒரு பெண்ணின் பாடல்கள் பாடப்பட்ட ஊர்களில், பெண் வாக்களிப்பது மரபுக்கு மாறானது என்று வாதிடப்பட்டது. மரபு எது என்பதை யாருடைய நினைவு தீர்மானிக்கிறது என்ற கேள்வி அங்கே எழுந்தது.

அந்த நினைவை மீட்டதில் ஏடுகளுக்குப் பங்கு உண்டு. வஸீர் குடும்பம் அஸ்மாவின் கையெழுத்துப் பிரதிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருந்தது. அந்த வழியில் வந்த அறிஞர் வஸீர் ஜுனைது அவற்றை ஆய்வுக்குத் திறந்துவிட்டார். நைஜீரியாவில் பணியாற்றிய பிரித்தானியப் பெண் ஜீன் பொய்ட் பல ஆண்டுகள் அவற்றோடு உழைத்து 1989 இல் அஸ்மாவின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1997 இல் பெவர்லி மக் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அஸ்மாவின் ஆக்கங்களின் தொகுப்பையும் வெளிக்கொணர்ந்தார். 1985 இல் நைஜீரிய முஸ்லிம் பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. பாடசாலை, சுகாதார நிலையம், வாக்காளர் விழிப்புணர்வு என்று அதன் பணிகள் விரிந்தன. பெண் படிப்பதும் பொதுவாழ்வுக்கு வருவதும் மேற்கிலிருந்து இறக்குமதியானவை என்று யாரேனும் சொன்னால், அந்தப் பெண்களால் அஸ்மாவைச் சுட்டிக்காட்ட முடிகிறது. ஒரு பெண்ணைப் பற்றிய எழுத்துச் சான்று எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

அஸ்மா எழுதியவை கிடைத்துவிட்டன. அவரிடம் கற்ற ஜாஜிகளில் சிலருடைய பெயர்கள் கிடைத்துவிட்டன. கோபிரிலிருந்து பிடித்துவரப்பட்டு, புதிய மொழிகளுக்கும் புதிய வழிபாட்டுக்கும் நடுவே, தன் சொந்த மொழியில் ஒரு பாடலைக் கேட்டு மனனம் செய்த பெண்கள் தாமே எழுதிவைத்த எதுவும் நம் கைக்கு வரவில்லை. அந்தப் பாடல் அவர்களுக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னொரு கட்டளையாக இருந்ததா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. அஸ்மாவின் பாடல்களைப் படிக்கும்போது அவர்களுக்கும் ஓர் இடம் விட்டுவைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.